நான் கையொப்பமிட்ட திராட்சை இரசம்

சேர்வராயன் மலையில் என் வயதொத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். திருப்பலிக்கான திராட்சை இரசம் தயாரிக்கும் பொறுப்பை நான் ஏன் கைவிட்டேன் என்று கேட்டால், ஒருவர் என் முதுகுவலியைக் காரணமாகச் சொல்வார். இன்னொருவர் பங்குச் சாமியாரோடு எனக்கு மனத்தாங்கல் என்பார். இரண்டையும் நான் மறுத்ததில்லை. என் வீட்டுக்குள் நடந்ததை வெளியே பேசுவது முறையல்ல என்று இத்தனை காலம் வாளாவிருந்தேன். என் மனைவி காலமாகிவிட்டாள். இனி மறைப்பதால் யாருடைய மானமும் காக்கப்படப் போவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தலைச்சோலைக்குப் போகும் வழியிலிருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் மேனேஜராக இருந்தேன். கல்லூரியில் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவன். காப்பிப் பழத்தின் தோலை நீக்கித் தொட்டியில் புளிக்கவைத்துக் கழுவும் வேலையை ஆட்கள் கைப்பழக்கத்தால் செய்துவந்தார்கள். நான் கடிகாரமும் வெப்பமானியும் வைத்துச் செய்தேன். அதனால் எங்கள் எஸ்டேட் காப்பிக்கு நல்ல பெயர் இருந்தது. எனக்கும் இருந்தது.

மதுவிலக்கு கடுமையாக அமலில் இருந்த காலம் அது. சுதந்திரத்துக்கு முன்பே சேலம் மாவட்டத்தில்தான் அது முதலில் வந்தது. திருப்பலிக்கு மட்டும் திராட்சை இரசம் வைத்துக்கொள்ள ஆலயங்களுக்கு அனுமதி உண்டு. எங்கள் ஆலயத்துக்குப் பின்னாலிருந்த கற்கட்டட அறையில் வயது முதிர்ந்த பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் ஆண்டுதோறும் அதைத் தயாரித்துவந்தார். உடல் தளர்ந்து தம் நாட்டுக்குத் திரும்பும் சமயத்தில், அனுமதிச் சீட்டை யார் பெயருக்கு மாற்றுவது என்ற கேள்வி வந்தது. அவர் என் பெயரைச் சொன்னார். "கெமிஸ்ட்ரி படிச்ச ஆள் வேணும். கையெழுத்து போட்டா அது நிக்கணும்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அதைவிட உயர்ந்த நற்சான்று என் வாழ்வில் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் விட்டுச்சென்ற விதி ஒன்றுதான். பீடத்துக்குப் போகும் இரசம் திராட்சையின் சாறாக மட்டும் இருக்க வேண்டும். தண்ணீர், சர்க்கரை, வாசனைப் பொருள் எதுவும் கூடாது. சாறு கெட்டுப்போனால் கொட்டிவிட்டு, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். கெட்டதைத் திருத்த முயலக் கூடாது. புட்டிகளை எங்கள் ஆலயத்திலும் மலைக் கிராமங்களிலிருந்த ஆறு சிற்றாலயங்களிலும் வைத்திருப்போம். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வோர் ஆலயத்துக்கும் முதல் புட்டியோடு ஒரு தாள் போகும். அதில், உள்ளே இருப்பது திராட்சைச் சாறு தவிர வேறொன்றுமில்லை என்று நான் கைப்பட எழுதிக் கையொப்பமிடுவேன். ஒன்பது ஆண்டுகள் அப்படிக் கையொப்பமிட்டேன்.

எஸ்டேட்டுக்கும் ஆலயத்துக்கும் இடையே சில மைல் தூரம். சாறு பொங்கும் நாட்களில், மேலே மிதக்கும் தோலைக் காலையிலும் மாலையிலும் கட்டையால் அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி மொய்த்து, சாறு காடியாக, அதாவது வினிகராக, மாறிவிடும். என்னால் தினமும் இருமுறை வர இயலாது. ஆகவே அறையின் இரண்டாவது சாவியை எங்கள் உபதேசியாரிடம் கொடுத்திருந்தேன். ஞாயிறு மறைக்கல்வி, சாவு வீட்டுச் செபம், சாமியார் வராத ஊர்களில் வழிபாடு என எல்லாவற்றையும் நடத்துகிறவர் அவர். நான் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தபோது, மழையில் நனைந்துகொண்டு தினமும் நடந்துவந்து எனக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டியவர். எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. அவரை அந்த இடத்தில் வைத்திருந்தேன்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் சிறிது நேரம் நிற்பது எங்கள் வழக்கம். நான் இரசம் தயாரிக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து, வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பார்கள். பழைய சாமியார் சொன்னவையும் நூல்களில் படித்தவையும் எனக்கு நினைவில் நன்றாக இருந்தன. போர்ச்சுகலில் கல்தொட்டியில் வரிசையாக நின்று, தோளில் கை போட்டு, காலால் மிதிப்பார்கள் என்பேன். இத்தாலியில் சில ஊர்களில் பழத்தைப் பாயில் பரப்பி, பாதி வற்றிய பிறகே பிழிவார்கள். ஜெர்மனியில் ஆற்றை நோக்கிய செங்குத்தான சரிவில் கயிறு கட்டிக்கொண்டு அறுவடை செய்வார்கள். பிரான்சின் வடபகுதியில் மழை மிகுந்து பழம் இனிக்காத ஆண்டுகளில், சாற்றில் சர்க்கரை சேர்க்க அந்நாட்டுச் சட்டமே இடம் தருகிறது. உபதேசியார் எல்லாவற்றையும் வாய் திறக்காமல் கேட்பார். நானும் சற்று விரிவாகவே சொல்வேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் குறையில்லை. சமவெளித் தோட்டங்களிலிருந்து பன்னீர் திராட்சை மூங்கில் கூடைகளில் சேலத்துக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸின் மேல் ஏறி மலைக்கு வரும். கருப்பாக, காம்பு உலராமல், இனிப்பாக இருந்தது. மூன்றாம் ஆண்டு அறுவடைச் சமயத்தில் தோட்டங்களில் எதிர்பாராத மழை. பழம் தண்ணீர் கோத்து ஊதிப் போய் வந்தது. பிழிந்த சாற்றில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். சாற்றில் இனிப்பு எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் கருவி அது. இனிப்பு மிகுந்தால் உயர்ந்து நிற்கும். அன்று அமிழ்ந்து போயிற்று. இனிப்பில்லாத சாற்றில் வீரியம் பிறக்காது. வீரியமில்லாத இரசம் சில வாரங்களில் காடியாகிவிடும்.

"இந்த வருசம் தேறாது. பதினஞ்சு நாள் பார்ப்போம், அப்புறம் கொட்டிடலாம்" என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு எஸ்டேட்டுக்குத் திரும்பினேன்.

பதினைந்து நாள் கழித்து வந்து ருசி பார்த்தேன். இரசம் திடமாக, நெஞ்சில் மெல்லச் சூடேற்றி இறங்கியது. என் நோட்டுப் புத்தகத்தில் குறித்திருந்த அளவுக்கும் அந்த ருசிக்கும் பொருத்தமில்லை. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன், ஆனால் வேறு திசையில் யோசித்தேன். மலைக் குளிரில் சாறு அவசரமின்றிப் புளிப்பதால் உள்ள இனிப்பு சற்றும் வீணாகாமல் வீரியமாகிறது என்று ஒரு கருத்தை உருவாக்கிக்கொண்டேன். அதைச் சில்வர் ஓக் மரத்தடியில் பலமுறை விளக்கினேன். உபதேசியார் தலையாட்டினார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பழம் சுமாராகவே வந்தது. இரசம் மட்டும் சிறப்பாகவே இருந்தது. என் கருத்தும் ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்பட்டது.

ஒன்பதாம் ஆண்டு. புதிதாக வந்திருந்த இளம் பங்குச் சாமியார், நம் இரசத்தைச் சமவெளிப் பங்குகள் சிலவற்றுக்கும் அனுப்பலாம் என்றார். அப்படியானால் குளிர் பற்றிய என் கருத்தையும் முறைப்படி நிரூபித்து எழுதிவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பிழிந்த சாற்றில் ஒரு ஜாடியை மட்டும் எஸ்டேட் ஜீப்பில் மடியில் வைத்து என் பங்களாவுக்குக் கொண்டுபோனேன். ஆலயத்தைவிட எங்கள் எஸ்டேட் இன்னும் குளிரான இடம். என் கணக்குப்படி அந்த ஜாடி மற்றவற்றைக் காட்டிலும் சிறந்து விளங்கியிருக்க வேண்டும். அதை யாருக்கும் சொல்லவில்லை. முடிவு தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இரண்டு மாதத்தில் என் ஜாடியின் மேல் வெள்ளைப் படலம் கட்டியது. உள்ளே புளித்த தண்ணீர். ஆலயத்து ஜாடிகளில் தெளிந்த, திடமான இரசம்.

மூன்று நாட்கள் என்னிடமே குறை தேடினேன். ஜாடியைக் கழுவியது சரியா, மூடி இறுக்கமா, வெளிச்சம் பட்டதா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். நான்காம் நாள் காலை, திருப்பலி முடிந்ததும் உபதேசியாரை அறைக்கு அழைத்து, மேசையில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை வைத்தேன்.

"ரெண்டையும் ருசி பாருங்க உபதேசியாரே."

முதலாவதைக் குடித்தார். "அருமைங்க." இரண்டாவதை நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "அய்யய்யே, காடியுங்க. இது எங்க வாங்குனதுங்க?"

"ரெண்டும் ஒரே சாறு. ஒரே நாள்ல பிழிஞ்சது. ஒரு ஜாடிய நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்."

ஒரு கணம் விழித்தார். பிறகு, நான் இன்றுவரை மன்னிக்க இயலாத விதத்தில், வாய்விட்டுச் சிரித்தார். "அட, ஒரு ஜாடி ஊட்டுக்குப் போகுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? அதுக்கும் போட்டுட்டு வந்திருப்பேனுங்களே."

"என்ன போட்டிருப்பீங்க?"

சிரிப்பு நின்றது. "சக்கரைங்க."

"எத்தனை வருசமா?"

"அந்த மழ வருசத்துல இருந்துங்க."

ஏழு ஆண்டுகள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, இதுக்குப் போயி இப்படி உக்காந்துட்டீங்க? நம்ம ஊர்ல கிறிஸ்மஸ் ஒயினுக்குச் சக்கரை போடாம யாருங்க செய்யறாங்க? பழத்துக்குப் பாதி சக்கரை, ஒரு பிடி கோதும, நாலு கிராம்பு. கிராம்பும் கோதுமயும் நான் போடலீங்க. அந்த அளவுக்கு எனக்கும் தெரியுமுங்க."

"பூசை இரசத்துல சர்க்கரை போடலாம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதானுங்க. பிரான்சு தேசத்துல மழ பேஞ்சா சக்கரை போடறாங்க, சட்டமே இருக்குதுன்னு மரத்தடியில நின்னு சொன்னீங்களே. நானா கண்டுபுடிச்சேன்?"

"அது சாப்பாட்டு மேசைக்குப் போற ஒயினுக்கு."

"அத அன்னைக்குச் சொல்லலீங்களே."

சொல்லவில்லைதான். அந்நாட்டுச் சட்டத்தை விவரித்தேனே அன்றி, பீடத்துக்குரிய விதி வேறு என்பதைச் சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருக்கலாம். அந்தக் குறையை நான் ஏற்கிறேன்.

"சந்தேகம்னா என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்பீங்க. அதனாலதானுங்க கேக்கல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்தக் கூச்சமும் இல்லை. அறியாமல் செய்த பிழை என்றால் நான் பொறுத்திருப்பேன். என் பதில் என்னவென்று தெரிந்தே, அதைக் கேட்காமல் இருப்பதற்காகவே ஏழு ஆண்டுகள் என்னிடம் வாய் திறக்கவில்லை. மரத்தடியில் நின்று குளிரைப் பற்றி நான் பேசியபோதெல்லாம் தலையாட்டியவரும் இவரே.

"அந்த வருசம் உங்க மொகத்தப் பாக்க முடியலீங்க ஐயா" என்றார், இப்போது தணிந்து. "பெத்த புள்ளைக்குக் காச்சல் வந்தாப்பல ஜாடி முன்னால குந்திட்டு இருந்தீங்க. கொட்டறதுன்னா மனசு ஒடஞ்சு போயிருவீங்க. நொம்ப யோசிச்சுத்தானுங்க செஞ்சேன்."

"அப்போ என் கையெழுத்து?"

"கையெழுத்துல என்னங்க இருக்குது? ஒயின் நல்லா இருந்துதுங்களே."

சர்க்கரை ரேஷனில் அளந்து கிடைத்த காலம் அது. அத்தனை ஜாடிக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். அவர் கதவைப் பார்த்தார்; சுவரைப் பார்த்தார்; கடைசியில், "ஊட்டுல அம்மாவக் கேளுங்க" என்றார்.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உபதேசியார் சர்க்கரை போட்டது உனக்குத் தெரியுமா என்று நின்றபடியே கேட்டேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியுமுங்க. நம்மூட்டுச் சக்கரையும் அதுல இருக்குது. அவரூட்டுல இருந்து பாதி, நான் பாதி."

"எனக்கு ஏன் சொல்லல?"

"ஏனுங்க, ஏழு வருசமா அந்த ஒரு மாசம் வெல்லக் காப்பிதான் குடிச்சீங்க. ஏன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

ரேஷனில் தட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

"பெரிய சாமியாரு உங்கள நம்பி ஒப்படச்சாரு. மூணாம் வருசமே கொட்டிட்டாங்கன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? உங்க பேரு கெடக் கூடாதுன்னுதானுங்க" என்றாள்.

கொட்டியிருந்தால் என் பெயருக்கு ஒரு குறையும் வந்திராது. கெட்டதைக் கொட்டுவதற்காகவே அந்தப் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. இதை இருபத்தைந்து ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கியும் அவளுக்கு விளங்கவில்லை. "பீன்ஸ் ஆறிப்போயிரும், சாப்பிட வாங்க" என்று சற்று நேரம் கழித்து அழைத்தாள். அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பங்குச் சாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன்; இருப்பிலுள்ள புட்டிகளைக் கொட்டிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். நெற்றியைத் தேய்த்தபடி கேட்டவர், கொட்டுவதற்கு உடனே சம்மதித்தார். "நடந்த பூசைய நெனச்சுக் கவலப்படாதீங்க ஐயா. முறைப்படி தப்புத்தான். நான் மேலே எழுதிக் கேக்கறேன். ஆனா ஊர் ஊராப் போயி நீங்க இதச் சொல்ல வேண்டாம். சனங்க மனசு கலங்கிப் போயிரும்."

"அவங்களுக்கு நான் எழுத்துல கொடுத்திருக்கேன் சாமி. அதை எழுத்துலதான் திருப்பி வாங்கணும்."

ஆறு சிற்றாலயங்களுக்கும் ஆறு கடிதம் எழுதினேன். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. என் பொறுப்பிலிருந்த இரசத்தில் ஏழு ஆண்டுகள் சர்க்கரை சேர்ந்திருந்தது, நான் எழுதித் தந்த உறுதி உண்மையன்று, அதற்கு நானே பொறுப்பு என்று மட்டும் எழுதினேன். தபாலில் அனுப்ப மனம் ஒப்பவில்லை. பஸ் நிலையத்துக்குப் போனபோது உபதேசியார் அங்கே காத்திருந்தார். என் மனைவி சொல்லியனுப்பியிருக்க வேண்டும்.

"இதோட உட்ருங்க ஐயா. கால்ல வேணா உழுவறேன். நாளைக்கு எம் மூஞ்சில யாருங்க முழிப்பாங்க?"

"உங்க பேரு அதுல இல்ல."

"பேரில்லீன்னா தெரியாதுங்களா? அந்த அறைக்கு ரெண்டு சாவிதானுங்களே."

உண்மைதான். பஸ் ஏறினேன்.

ஐந்து ஊர்களில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். சிலர் படித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் காப்பி கொடுத்தார். கடைசியாக வாழவந்தி. அங்கே ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி, சாவியை வைத்திருந்தவர் எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ஒரு வயதான அம்மாள். படிப்பில்லாதவர். ஆண்டுதோறும் புட்டியோடு நான் அனுப்பிய தாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"பாட்டில சுத்தி வருமே, அந்தக் காயிதமுங்களா? பத்தரமா இருக்குதுங்க" என்று அலமாரியைத் திறந்தார். சாமியார் பூசைக்கு அணியும் திருவுடைகளுக்கு அடியில், பலகை தெரியாதபடி, ஒன்பது தாள்களும் வரிசையாக விரித்திருந்தன. "பூச்சி அண்டாதுங்க. நல்ல கெட்டிக் காயிதம்."

என் கையெழுத்தின் மேல் மெழுகு சொட்டியிருந்தது. புதிய கடிதத்தைப் பிரித்து, முதலிலிருந்து கடைசிவரை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். கைகளைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"சக்கரைங்களா?" என்றார் முடிவில். "அதனால என்னங்க. சாமியாருதானுங்களே குடிக்கறாரு, நாங்களா குடிக்கறோம்?" பிறகு என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்து, "சங்கடப்படாதீங்க ஐயா. இந்தக் காயிதத்தையும் கொடுங்க, மேல் தட்டுக்கு ஆகும்" என்றார்.

கொடுத்தேன்.

அந்த வாரமே அனுமதிச் சீட்டையும் என்னிடமிருந்த சாவியையும் பங்குச் சாமியாரிடம் ஒப்படைத்தேன். அவர் மிகவும் வருந்தினார். மறுபரிசீலனை செய்யச் சொன்னார். நான் மாறவில்லை. வெளியூரிலிருந்து வரவழைப்பார் என்றுதான் எண்ணியிருந்தேன். அடுத்த திராட்சைப் பருவத்தில் ஒரு ஞாயிறன்று, மரத்தடியில் உபதேசியாரைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பதைக் கண்டேன். அவருடைய வேட்டி ஓரத்தில் ஊதாக் கறை. சாமியாரிடம் கேட்டேன்.

"அவருக்குத்தானுங்களே ஐயா வேலை தெரியும்" என்றார். "சர்க்கரை தொட மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். நீங்க கவலப்படாதீங்க."

புட்டியோடு தாள் அனுப்பும் வழக்கத்தைச் சாமியார் நிறுத்திவிட்டார். அது தேவையில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். உபதேசியார் என்னைக் கண்டால் "தோத்திரமுங்க" என்பார். நானும் பதிலுக்குச் சொல்வேன். அவர் வீட்டுப்படி நான் ஏறவில்லை. என் மனைவி ஏறினாள், நான் தடுக்கவில்லை.

அந்த ஆண்டும் அதன்பிறகும் இரசம் மிக நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். தேர்த் திருநாளன்று சாமியார் கிண்ணத்தை உயர்த்தினார். எல்லோரும் தலை வணங்கினார்கள். நானும் வணங்கினேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவுமில்லை.